அலமேலு யார் வீட்டுப் பெண்?

சென்ற மாதம் கீழ்த் திருப்பதியில் ஒரு வீட்டில் குழந்தைக்குப் பெயர் சூட்டும் வைபவம். ஆரணிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பாட்டியின் பெயரான அலமேலுவையே பேத்திக்கு வைக்கலாம் என்று பெரியவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். குழந்தையின் தாயார் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "அது தெலுங்குப் பேரு மாமா, அதுவும் கிழவிங்க பேரு. ஸ்கூல்ல சிரிப்பாங்க."

கடைசியில் 'ஷ'வும் 'ஸ்ரீ'யும் சேர்ந்த ஒரு பெயர் முடிவாயிற்று. அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அலமேலு அசல் தமிழ்ப் பெயர். அலர் என்றால் மலர்ந்த பூ. அலர்மேல் மங்கை, அதாவது தாமரைப் பூவின் மேல் வீற்றிருக்கும் பெண். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஆறாம் பத்தில், திருவேங்கடமுடையானிடம் அடைக்கலம் புகும் இடத்தில், இந்தப் பெயரைச் சொல்லித்தான் பெருமாளைக் கூப்பிடுகிறார். திருச்சானூர்த் தாயாரின் பத்மாவதி என்ற வடமொழிப் பெயரும் அதே தாமரையைத்தான் குறிக்கிறது. 'அலைமேல்' என்று பிரித்துக் கடல் அலைக்குக் கொண்டுபோகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பொருந்தாது.

பிறகு எப்படித் தெலுங்குப் பெயராயிற்று? தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408-1503) ஏழுமலையான் மீது ஆயிரக்கணக்கில் தெலுங்குக் கீர்த்தனைகள் பாடினார். அவற்றில் தாயாரை 'அலமேலுமங்கா' என்று வாயாரக் கூப்பிட்டார். மொழிபெயர்த்துக்கொள்ள அவருக்கா சொல் பஞ்சம்? இருந்தும் தமிழ்ப் பெயரையே வைத்துக்கொண்டார். ஜனங்கள் வாயில் 'ர்' தேய்ந்தது. தெலுங்கு வீடுகளில் அது அலிவேலு, மங்கம்மா, மங்கதாயாரு என்றாயிற்று. நம் வீடுகளில் அலமு, மங்கா. 1953இல் ஆந்திரம் தனி ராஜ்யமாயிற்று, 1960இல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சித்தூர் ஜில்லாவில் எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும் இரண்டு பக்கமும் அலமேலுகள் இருந்தார்கள். ஆகவே தெலுங்கர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று சண்டைக்குப் போகவும் இதில் ஒன்றுமில்லை. அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கை நழுவ விட்டது நாம்.

ரயில்வே கவுண்டரில் ரிசர்வேஷன் பாரங்களைப் பார்ப்பது என் பிழைப்பு. தெலுங்குக் குடும்பங்களில் அலிவேலு இன்னும் வருகிறாள். தமிழ்க் குடும்பத்து பாரத்தில் அலமேலு என்று இருந்தால் வயதைப் பார்க்க வேண்டியதில்லை, அறுபதுக்கு மேல்தான். சென்ஸஸ் எடுத்துச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். பெயர் செத்துப் போவதும் புதிதல்ல. 966இல் திருமலைக் கோயிலுக்கு வெள்ளியில் போக ஸ்ரீனிவாசமூர்த்தியைக் கொடுத்த பல்லவ குலத்து அரசியின் பெயர் சாமவை. அதைக் கல்வெட்டில்தான் பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்களாம். அலர்மேல் வள்ளி அந்தப் பெயரோடுதான் உலக மேடைகளிலெல்லாம் பரதம் ஆடினார். 2004இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். யார் சிரித்தார்கள்?

நியாயமான குறை ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த பூக்காரம்மா ஒருவருக்கு ரேஷன் கார்டில் அலமேலு, ஆதாரில் அலிவேலு, பாங்க் புத்தகத்தில் மங்கம்மா. விதவை பென்ஷனுக்கு எழுதிப் போட்ட மனு இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க நாலு மாதம் நடந்தார். ஆனால் இது தமிழன் பெயரைத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் காதால் கேட்டு எழுதுவதால் வரும் தொல்லை. 'ஷ' வைத்த பெயர்களுக்கு இதைவிட அதிகமாக வருவதை தினமும் பார்க்கிறேன். பெயரை மூன்று மொழியிலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆபீசானாலும் அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். குமாஸ்தா முகம் சுளித்தால் சுளிக்கட்டும், நானும் குமாஸ்தாதான்.

ஆரணிக்காரர் வீட்டுக் குழந்தையின் பிறப்பு மாநகராட்சியில் பதிவாகிவிட்டது. பெயர்தான் இன்னும் ஏறவில்லை. பிறப்பைப் பதிந்ததிலிருந்து ஓராண்டு வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அந்த 'ஷ' பெயர் வீட்டில் கூப்பிட இருக்கட்டும், பதிவில் பாட்டி பெயரைப் போடுங்கள் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். அந்த வீட்டுக்கும் இந்தப் பத்திரிகைதான் போகிறது.