பலாலிக்கு எவ்வளவு நேரம்?

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி, வான்வழியில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். சென்னையிலிருந்து 355. தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பயண நேரமோ கால் மணி சொச்சம்தான் கூடுகிறது. இந்த வழியில் ஓடும் ஏடிஆர் விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்கில் திருச்சிக்காரர் 25 நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் போடுவது, இங்கே நின்ற இடத்திலிருந்து நகர்ந்து அங்கே போய் நிற்கும்வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்வது, மேலே ஏறுவது, வளைந்து இறங்குவது எல்லாம் தூரம் குறைந்தாலும் குறையாது. சென்னை அடையாறுக்காரர் பாடோ வேறு. மத்திய கைலாஷ் சிக்னல், கிண்டி, கத்திப்பாரா என்று ஊர்ந்து மீனம்பாக்கம் போக வேண்டும். வெளிநாட்டுப் பயணமாம், மூன்று மணி நேரம் முன்னதாக வேறு வரச் சொல்கிறார்கள். கடலைத் தாண்ட ஒன்றேகால் மணி, காத்திருக்க மூன்று மணி! எழுபது சொச்சம் பேர் ஏறும் குட்டி விமானத்துக்கு ஒன்றரை மணி போதாதா?