குடும்ப நலம்: கேட்டறியும் மருத்துவர்

சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து மக்கள் கலையும் வேளையில், நமக்கு நன்கு அறிமுகமான அம்மையார் ஒருவர் நம்மிடம் ஒரு குறையைச் சொன்னார். அவருடைய பேரனுக்கு ஆறு நாட்களாகக் காய்ச்சல். மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார். அவர் பிள்ளையைச் சோதித்தார். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு, “சற்று இருங்கள் அம்மா” என்று கூறிவிட்டு, தொலைபேசியில் வேறொரு மருத்துவரோடு கால் மணி நேரம் பேசினாராம். பேசி முடித்ததும் சிறுவனின் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குள், இடுப்பு மடிப்பு என்று எங்கெங்கோ தேடினாராம்.

“எங்கள் எதிரிலேயே இன்னொருவரிடம் பாடம் கேட்கிறார். இவரை நம்பிப் பிள்ளையை எப்படி ஒப்படைப்பது?” என்பதே அம்மையாரின் மனத்தாங்கல். அருகில் நின்றவர்களில் இருவர் ஆமாம் என்று தலையசைத்தனர்.

நாம் அப்போது சொன்னது ஓரிரு சொற்களே. அங்கு நின்றபடி சொல்ல இயலாததை இங்கு எழுதுகிறோம்.

மருத்துவர் பட்டம் பெற்ற நாளிலேயே அவருடைய கல்வி முடிந்துவிடுவதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. மருந்துகள் மாறுகின்றன, நேற்றுச் சரியென்றது இன்று தவறாகிறது. ஆகவேதான் 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ நடத்தை விதிகள், மருத்துவர் ஒவ்வோர் ஐந்தாண்டிலும் குறைந்தது 30 மணி நேரம் தொடர் கல்வியில் பங்கு பெறவேண்டும் என்று கூறுகின்றன. ஆனால் குளிரூட்டிய மண்டபத்தில், இருட்டில், திரையில் ஓடும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதும் மணிக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பிற்பகல் உணவுக்குப் பின் நடைபெறும் சொற்பொழிவுகளில் எத்தனை பேர் விழித்திருப்பர் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிடச் சிறந்த வழி ஒன்று நூறாண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டது. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர் இருந்தார். பிற்காலத்தில் உடலியலில் பெரும்புகழ் எய்தியவர். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த சட்ட மாணவர் நாள்தோறும் உண்மையான வழக்குகளைப் படித்து, அவற்றைப் பற்றி நண்பர்களோடு சுவையாக வாதிடுவதைக் கேனன் கண்டார். தமது வகுப்பிலோ விரிவுரைகளைக் கேட்டுக் கேட்டு மாணவர்கள் சலித்திருந்தனர். “சட்டத்துக்கு வழக்கு என்றால் மருத்துவத்துக்கு நோயாளர் அல்லவா?” என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. ஒரு நோயாளரின் வரலாற்றைத் தாளில் கொடுத்து, இவருக்கு என்ன நோய், என்ன செய்வீர் என்று மாணவரைக் கேட்கும் முறையை ஒரு கட்டுரையில் முன்வைத்தார்.

அதனைப் பற்றிக்கொண்டவர் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்டு கேபட். அங்கு உருவான கூட்டங்கள் புதுமையானவை. இறந்துபோன ஒருவரின் நோய் வரலாற்றை ஒரு மருத்துவரிடம் கொடுப்பார்கள். பிணப் பரிசோதனையில் தெரியவந்தது மட்டும் அவருக்கு மறைக்கப்படும். அவர் எல்லோர் முன்னிலையிலும் தம் சிந்தனையை வாய்விட்டுச் சொல்லி, நோய் இன்னது என்று முடிவு கூறவேண்டும். பிறகு நோய்க்கூற்று மருத்துவர் எழுந்து உண்மையைச் சொல்வார். புகழ்பெற்ற மருத்துவர்களும் அங்கே தவறியதுண்டு. கேபட் இதோடு நிற்கவில்லை. மூவாயிரம் பிணப் பரிசோதனைகளை ஆராய்ந்து, உயிரோடிருந்தபோது எந்தெந்த நோய்களை மருத்துவர்கள் தவறவிட்டனர் என்பதை 1912-இல் வெளியிட்டார். தம் தொழிலின் பிழைகளைத் தாமே எண்ணிக் காட்டுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அம்மருத்துவமனையின் நோயாளர் வரலாறுகள் இன்றளவும் மருத்துவ இதழில் வெளிவருகின்றன. உலகெங்கும் மருத்துவர்கள் படிக்கின்றனர்.

ஆயினும் பெருநகர மருத்துவமனையில் கூடுவோர் பெருநகர மருத்துவரே. சிற்றூர் மருத்துவர் என்ன செய்வார்? இக்கேள்விக்கு விடை கண்டவர் நம் நாட்டில் பிறந்தவர். பூனாவில் இராணுவ மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற சஞ்சீவ் அரோரா, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கல்லீரல் மருத்துவர். நியூ மெக்சிகோ, பரப்பில் நம் தமிழ்நாட்டைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. மக்களோ சுமார் 20 இலட்சம் பேர்தாம். கல்லீரலை மெல்ல மெல்ல அரிக்கும் ஹெபடைடிஸ் சி என்னும் நோய் அங்கே பல்லாயிரம் பேருக்கு இருந்தது. அரோராவின் மருத்துவமனையில் இடம் கிடைக்க எட்டுத் திங்கள் காத்திருக்க வேண்டும். சிலர் 400 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தனர். வந்து சேர்வதற்குள் நோய் முற்றிவிட்டவர்களும் உண்டு. குணப்படுத்தக்கூடிய நோயால் மக்கள் மடிவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

நோயாளரை இடம் பெயர்ப்பதைவிட அறிவை இடம் பெயர்ப்பது எளிது என்று அவர் எண்ணினார். 2003-இல் ‘எக்கோ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் ஒரு குறித்த வேளையில், ஊர்ப்புற மருத்துவர்களும் செவிலியரும் சிறைச்சாலை மருத்துவர்களும் ஒளித்திரை வழியாகப் பல்கலைக்கழக நிபுணர்களோடு கூடுவர். ஒருவர் தம் நோயாளரைப் பற்றிச் சொல்வார்: வயது இத்தனை, பரிசோதனை முடிவு இது, மருந்து தொடங்கியபின் இரத்தம் குறைகிறது, நான் என்ன செய்யட்டும்? நிபுணர் விடை சொல்வார். மற்ற ஊர் மருத்துவர்களும் தம் அனுபவத்தைச் சொல்வர். நோயாளரின் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. ஒருவர் கேட்ட கேள்வியால் இருபது பேர் கற்றனர். அடுத்த வாரம் வேறொருவர் கேட்டார்.

இங்கே நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இப்படிக் கேட்டறிந்த ஊர் மருத்துவரின் சிகிச்சை, பெரிய மருத்துவமனையின் சிகிச்சைக்கு ஈடாகுமா? அரோராவும் அதைத்தான் கேட்டார். 407 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. அந்நாளில் ஊசியும் மாத்திரையுமாகப் பல திங்கள் நீளும் கடினமான சிகிச்சை அது. பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காட்டினர் நோய் நீங்கினர். ஊர் மருத்துவர்களிடமும் சிறைகளிலும் 58.2 விழுக்காட்டினர் நீங்கினர். கடுமையான பக்கவிளைவுகளோ ஊர் மருத்துவர்களிடமே குறைவாக இருந்தன. இன்று அந்நோய்க்கு மாத்திரைகளே போதும். ஆனால் அம்முறை வேறு பல நோய்களுக்கும் பரவி, நம் நாட்டையும் எட்டியிருக்கிறது.

இனி அந்தப் பேரனின் காய்ச்சலுக்கு வருவோம். அம்மையார் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். அதன் பொருள் அவருக்குப் புலப்படவில்லை. சிறுவனின் இடது அக்குளில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு சிறு கறுப்புப் பொருக்கு இருந்ததாம். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. யாரும் அதைப் பார்த்ததே இல்லை.

அதுதான் உண்ணிக் காய்ச்சலின் முத்திரை. புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடித்த இடம் அது. இக்காய்ச்சலுக்குப் பென்சிலின் வகை மருந்துகள் கேளா; டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்பவை கேட்கும். காலம் தாழ்த்தினால் நுரையீரலும் மூளையும் தாக்குண்டு உயிருக்கே ஆபத்தாகும். கடுமையான நோயில் இவ்விரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிடச் சிறந்தது என்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. இருபது ஆண்டுகளுக்கு முன் படித்த மருத்துவரின் பாடநூலில் இது எப்படி இருக்கும்? பொருக்கு உடம்பில் மறைவான இடங்களில் ஒளிந்திருக்கும் என்பதும், நூலில் ஒரு வரியாகப் படித்தால் மறந்துபோகும். மற்றொருவர் தாம் தேடிக் கண்ட கதையைச் சொல்லக் கேட்டால் கை தானாகவே சட்டையைக் கழற்றச் சொல்லும்.

குடும்பத்தார்க்கும் இதில் உரிமைகள் உண்டு. உங்கள் நோயைப் பற்றி மருத்துவர் பிறரிடம் கலந்து பேசினால், பெயரும் அடையாளமும் மறைக்கப்படுமா என்று கேட்கலாம். கூடிப் பேசியதன் முடிவு என்ன என்றும் கேட்கலாம். கேட்பதை நல்ல மருத்துவர் தவறாக எண்ணார்.

இவற்றையெல்லாம் அம்மையாரிடம் சுருக்கமாகச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். மருந்து கொடுத்த இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டதை அப்போதுதான் சொன்னார். பிறகு, “வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார். போகவேண்டாம் என்றிருந்தேன்” என்றவர், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, “மருத்துவமனை எத்தனை மணிக்குத் திறப்பார்கள், தெரியுமா?” என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.