ஸ்டெப்னி உபரிப் பொருள் அன்று

2020 ஜூலையில் ஒன்றிய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஓட்டுநர் நீங்கலாக 8 இருக்கைகளுக்கும் 3.5 டன் எடைக்கும் மிகாத பயணியர் வாகனத்தில் டியூப்லெஸ் டயர்கள், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் அடைக்கும் பெட்டி ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்பது அதன் சாரம். மிச்சமாகும் இடத்தில் மின்கலம் போன்றவற்றைப் பெரிதாக வைக்கலாம் என்று காரணம் கூறப்பட்டது. நகரச் சாலையில் ஓடும் காருக்கு இது நியாயமே. கரடுமுரடான நிலத்திற்கென்றே செய்து விற்கப்படும் நான்கு சக்கர இயக்க வாகனத்திற்கும் இதே சலுகை என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

இந்த விதி இருக்கைகளை எண்ணுகிறது, எடையை நிறுக்கிறது, வாகனம் செல்லும் நிலத்தை மட்டும் கேட்பதில்லை. சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரத்தையும் நகரியையும் சூழ்ந்த மலைப்பகுதியை எண்ணிப் பாருங்கள். நிலவியலாளர் 'நகரி குவார்ட்சைட்' என்று பெயரிட்ட பாறை இவ்வட்டாரத்திற்குரியது. கண்ணாடியையும் கீறும் கடினமுள்ள அப்பாறை உடையும்போது விளிம்பு கத்தியாகிறது. அத்தகைய தடத்தில் டயர் ஆணி ஏறிப் பழுதாவதைவிடப் பக்கச்சுவர் கிழிந்து வீணாவதே பெரிய ஆபத்து. பெட்டியிலுள்ள திரவமோ, தரையில் படும் பகுதியில் சில மில்லிமீட்டர் அளவுள்ள துளையை மட்டுமே அடைக்கும். கருவி காற்று இறங்குகிறது என்று அறிவிக்கும், கிழிசலைத் தைக்காது. வனக் காவலரும் களஆய்வு மாணவரும் செல்லும் காட்டுப் பாதையில் அந்த அறிவிப்பால் ஆவதென்ன?

"தார், ஜிம்னி போன்றவை இன்றும் பின்கதவில் ஸ்டெப்னியைச் சுமக்கின்றனவே" என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அது நிறுவனத்தின் விருப்பம். சட்டத்தின் கட்டளை அன்று. 2021 மார்ச்சில் எக்கோஸ்போர்ட் காரின் ஒரு வகை, பின்கதவில் இருந்த சக்கரத்தை நீக்கிப் பஞ்சர் பெட்டியுடன் சந்தைக்கு வந்ததை நாம் பார்த்தோம். அது நகரக் கார், கேடில்லை. நாளை மலையேறும் வாகனத்திலும் அவ்வாறே செய்தால் தடுக்க விதியில் ஒரு சொல்லும் இல்லை.

ஸ்டெப்னி இருந்தால் மட்டும் போதாது. இருக்கும் இடமும் முக்கியம். வண்டியின் அடியில் தொங்கவிட்டால் பாறையில் மோதும், சேறு அப்பும். டயர் இறங்கி வண்டி சாய்ந்த நிலையில் கழற்றுவதும் கடினம். கூரையில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சரிவில் கவிழும் வாய்ப்பு கூடும். பின்கதவே எளிது, ஆயினும் ஏறத்தாழ 30 கிலோ எடை ஒவ்வொரு குலுக்கலிலும் கீல்களை இழுக்கிறது. பெரிய டயர் மாட்டுவோர் உடற்சட்டத்தில் ஊன்றிய தனித் தாங்கி பொருத்துவதே முறை. அளவும் ஒத்திருக்க வேண்டும். முன் பின் அச்சுகள் பிணைந்து சுழலும் இயக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் சிறிதானால், பற்சக்கரப் பெட்டி முறுக்கேறிப் பழுதாகும்.

தீர்வு எளியது. ஐ.நா. வாகன வகைப்பாட்டில் கரடுநில வாகனத்திற்கு 'ஜி' என்னும் தனிக்குறி உண்டு. ஏறுதிறன், தரையிலிருந்து உயரம், அணுகு கோணம் ஆகியவற்றை அளந்தே அது தரப்படுகிறது. அவ்வளவுகோலுக்குள் வரும் எந்த வாகனத்திற்கும் முழு அளவு ஸ்டெப்னியும் சோதிக்கப்பட்ட தாங்கியும் கட்டாயம் என ஒரு வரி சேர்த்தால் போதும்.

'ஸ்டெப்னி' என்னும் சொல்லே 1904 அளவில் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் செய்த மாற்றுச் சக்கரத்திலிருந்து வந்தது. அதற்கு முன் பஞ்சரானவர் வழியிலேயே குந்தி ஒட்ட வேண்டியிருந்தது. அந்நிலைக்கு நம்மைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னேற்றம் என்று பெயர் சூட்ட வேண்டாம். பொறியியல் துறை நண்பர்கள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஆனால் தார்ச்சாலையை மனத்தில் வைத்து அன்று, குவார்ட்சைட் தடத்தை மனத்தில் வைத்து எழுதுங்கள்.