கூரைக்கு ஒட்டு மீசை

புதுக் கார் எடுக்கப் போறீங்களா மக்களே? கூரை மேல ரெண்டு பக்கமும் ஓடுதே ரூஃப் ரெயில், அதைக் கொஞ்சம் தட்டிப் பாத்துட்டு காசைக் குடுங்க. என் கார்ல கம்பெனியே மாட்டிக் குடுத்தது சுத்த டம்மி. கிளிப்புல நிக்கற பிளாஸ்டிக். 'சுமை ஏற்றக் கூடாது'ன்னு கையேட்டுல எங்கயோ ஒரு மூலையில பொடி எழுத்து. விளம்பரத்துல மட்டும் மலை, காடு, கூரை மேல சைக்கிள்!

சுமை தாங்கற ரெயில்னா கூரைச் சட்டத்தோட போல்ட் போட்டு முடுக்கியிருக்கணும். அதுக்கும் எடை வரம்பு உண்டு. குறுக்குக் கம்பியோட எடையும் அதுல சேர்த்தி. 50 கிலோ மூட்டையை ஏத்திட்டு சடன் பிரேக் அடிச்சா, கிட்டத்தட்ட 40 கிலோ விசை அதை முன்னாடி தள்ளும். கிளிப்பு தாங்குமா? முன்னால பைக்ல போறவர் கதி?

கேட்டா, "அழகுக்குத்தான் சார்"ங்கறாங்க. சரி, அப்ப அழகுன்னே எழுதுங்க. எத்தனை கிலோ தாங்கும்னு விலைப்பட்டியல்லயே போடுங்க. பூஜ்யம்னா பூஜ்யம்னு போடுங்க. ஒட்டு மீசைக்கு டாப் வேரியண்ட் காசு வாங்கறது எந்த ஊர் நியாயம்?