குழந்தைகளோட டென்ட்டுல தங்க கிளம்பிட்டீங்களா? போட்டோவை பார்க்காதீங்க... ராத்திரியை யோசிங்க!

கோவை:

பரீட்சை முடிந்து லீவு விட்டாலே போதும். "அப்பா, எங்கேயாவது கூட்டிட்டு போப்பா" என்று வீட்டு வாண்டுகள் நச்சரிக்க ஆரம்பித்து விடுவார்கள்.

ஒரு காலத்தில் ஊட்டி என்றால் தாவரவியல் பூங்கா, படகு சவாரி, திரும்பும்போது ஒரு பாக்கெட் வர்க்கி. அவ்வளவுதான். இப்போது கதையே வேற. "ஹோட்டல் ரூம் போர், டென்ட்டுல தங்கணும்" என்று குழந்தைகளே சொல்கிறார்கள். செல்போனில் தேடினால் மசினகுடி, வால்பாறை, கொடைக்கானல், வயநாடு என்று வரிசையாக கலர் கலராய் கூடாரங்கள். நடுவில் கேம்ப் பயர். பக்கத்தில் ஒரு ஓடை. தலைக்கு மேலே நட்சத்திரம்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வாடகையும் ஹோட்டலை விட குறைவு. உடனே பணத்தை அனுப்பி இடம் பிடித்து விடுகிறார்கள்.

ஆனால் அந்த போட்டோ எல்லாமே பகலில் எடுத்தது, இல்லாவிட்டால் விளக்கு போட்டு எடுத்தது. விளக்கை அணைத்த பிறகு, ராத்திரி 2 மணிக்கு அந்த இடம் எப்படி இருக்கும்? குழந்தையோடு போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

ஏன் இத்தனை டென்ட்?

மலைப்பகுதியில் ஒரு கட்டிடம் கட்டுவது சாதாரண விஷயம் இல்லை. பல துறைகளில் அனுமதி வாங்க வேண்டும். உயரத்துக்கு கட்டுப்பாடு, மண் தோண்ட கட்டுப்பாடு, மரம் வெட்ட கட்டுப்பாடு.

டென்ட்டுக்கு செங்கல் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். காலையில் போட்டு சாயங்காலம் சுருட்டி விடலாம். கொஞ்சம் தோட்டம் இருந்தால் போதும், கடை திறந்த மாதிரிதான். முறையாக பதிவு செய்து, வேலி போட்டு, ஆள் வைத்து நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த அனுமதியும் இல்லாமல் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். போட்டோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இங்கேதான் சிக்கலே.

அனுமதி இல்லை என்றால் என்ன, படுக்க இடம் இருந்தால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். அனுமதி என்பது வெறும் காகிதம் இல்லை. யானை வரும் வழியா, வெள்ளம் வரும் பள்ளமா, மண் சரியும் சரிவா என்று யாராவது ஒரு அதிகாரி ஒரு தடவையாவது பார்த்திருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். அனுமதி இல்லாத இடத்தை அப்படி யாரும் பார்த்ததே இல்லை.

2021 ஜனவரி சொன்ன பாடம்

கேரள மாநிலம் வயநாடு மாவட்டம் மேப்பாடி அருகே 2021 ஜனவரியில் ஒரு ரிசார்ட்டில் டென்ட் போட்டு தங்கியிருந்த இளம்பெண்ணை இரவு நேரத்தில் காட்டு யானை தாக்கி கொன்றது. அதன் பிறகு விசாரித்தபோதுதான், அங்கே டென்ட் போட அனுமதியே இல்லை என்பது வெளியே வந்தது. ரிசார்ட்டை மூட உத்தரவிட்டார்கள். ஆனால் போன உயிர் போனதுதான்.

அதே மாதம் நீலகிரி மாவட்டம் மசினகுடியில், தங்கும் விடுதி பக்கம் வந்த யானை மீது எரியும் துணியை வீசிய வீடியோ வெளியாகி நாட்டையே உலுக்கியது. காதில் தீக்காயத்தோடு சுற்றிய அந்த யானை இறந்து போனது. 2 பேர் கைது செய்யப்பட்டனர். விடுதிக்கு சீல் வைக்கப்பட்டது.

ஒரு இடத்தில் மனிதன் பலி, இன்னொரு இடத்தில் யானை பலி. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். யானை நடக்கும் வழியில் நாம் போய் படுக்கிறோம். நீலகிரி யானை வழித்தட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2020 அக்டோபரில் அளித்த தீர்ப்பும் இதைத்தான் சொன்னது. வழித்தடம் யானைக்குத்தான், ரிசார்ட்டுக்கு இல்லை.

சிறுத்தை விஷயம் இன்னும் பயங்கரம். பந்தலூர் பகுதியில் 2024 ஜனவரியில் 3 வயது குழந்தையை சிறுத்தை கொன்றது. வால்பாறையில் 2025 ஜூனில் வீட்டு வாசலில் இருந்த 4 வயது சிறுமியை தூக்கிச் சென்றது. இரண்டுமே தோட்டத் தொழிலாளர் குடும்பத்து குழந்தைகள். அங்கேயே வாழ்கிற, காடு தெரிந்த ஜனங்களுக்கே இந்த கதி. காங்கிரீட் வீட்டில் வளர்ந்த நம் பிள்ளைக்கு சாயங்காலம் இருட்டினால் உள்ளே வர வேண்டும் என்பது தெரியுமா? நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதற்காக மலைக்கே போகாதீங்க என்று சொல்லவில்லை. இடத்தை பார்த்து பிடிங்க என்றுதான் சொல்கிறோம்.

ஓடை பக்கம் டென்ட்டா? உஷார்!

"டென்ட்டை திறந்தா ஓடை" என்று விளம்பரம் வந்தால் பெரியவர்களுக்கு ஆசை வரும். குழந்தை இருக்கும் வீட்டில் பயம்தான் வர வேண்டும்.

வால்பாறை சோலையாறு பகுதியில் 2023 அக்டோபரில் குளிக்க இறங்கிய கோவை கல்லூரி மாணவர்கள் 5 பேர் மூழ்கி இறந்தார்கள். எல்லோரும் வளர்ந்த வாலிபர்கள். மேலே அமைதியாக தெரியும் தண்ணீருக்கு அடியில் சுழல் இருக்கும், பாறை இடுக்கு இருக்கும்.

2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் அடித்துச் செல்லப்பட்டான். பள்ளிக்கூட லீவு நேரம் அது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். அந்த தண்ணீர் கீழே வந்து சேரும்போது ஓட நேரம் இருக்காது. அதனால் கூடாரம் ஓடைக்கு தள்ளி, மேட்டில் இருக்க வேண்டும். ஓடைக்கும் கூடாரத்துக்கும் நடுவில் வேலியோ தடுப்போ இருந்தால் ரொம்ப நல்லது.

கேம்ப் பயர்... கரி அடுப்பு...

2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயை யாரும் மறந்திருக்க முடியாது. மலையேற்றம் போனவர்களில் 23 பேர் பலியானார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும். ஒரு தீப்பொறி போதும். அந்த மாதங்களில், காட்டை ஒட்டிய இடத்தில் "கேம்ப் பயர் உண்டு" என்று ஒருவர் பெருமையாக சொன்னால், அந்த இடத்தை விட்டு விடுவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. கொடைக்கானலில் 2024 ஆகஸ்டில் கரி அடுப்பில் சமைத்து விட்டு, அதை அறைக்குள்ளேயே வைத்து தூங்கிய 2 வாலிபர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்து விடும். குழந்தைக்கு குளிருது என்று கரிச்சட்டியை டென்ட்டுக்குள் கொண்டு வந்தால், அதைவிட பெரிய தவறு இல்லை.

குளிருக்கு கம்பளியும், காது மூடும் குல்லாவும்தான் மருந்து. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டி இருப்பது 2,200 மீட்டருக்கும் மேலே. டிசம்பர், ஜனவரியில் உறைபனியே விழும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் டென்ட் பக்கமே போக வேண்டாம், அறையே நல்லது.

போனில் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை எல்லாம் கேட்டு விடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

1. சுற்றுலா துறையில் பதிவு இருக்கிறதா? தமிழ்நாட்டில் முகாம் நடத்துவோர் சுற்றுலா துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு சான்றை வாட்ஸ்-அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இருந்தால் 2 நிமிடத்தில் வந்து விடும். "அதெல்லாம் இருக்கு சார், நேர்ல வாங்க காட்டறோம்" என்றால் புரிந்து கொள்ளுங்கள்.

2. காட்டு எல்லை எவ்வளவு தூரம்? சுற்றிலும் வேலி உண்டா? "காட்டுக்குள்ளேயே இருக்கு சார்" என்று சொன்னால் அது விளம்பரம் இல்லை, எச்சரிக்கை.

3. ராத்திரி யார் இருப்பார்கள்? காவலாளி முழித்திருப்பாரா, அல்லது சாவியை கொடுத்து விட்டு கீழே ஊருக்கு போய் விடுவாரா?

4. டாய்லெட் எத்தனை அடி தூரம்? வழியில் விளக்கு உண்டா? வயநாட்டில் அந்த பெண் டென்ட்டுக்கு வெளியே வந்தபோதுதான் யானை தாக்கியது. 5 வயது குழந்தை ராத்திரியில் ஒரு தடவையாவது எழுந்திருக்கும்.

5. தரையில் படுக்கையா, கட்டிலா? கட்டுவிரியன் பாம்பு ராத்திரியில் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடித்த இடம் தெரியாது, வலிகூட இருக்காது. தூக்கத்தில் எழுந்து வயிறு வலிக்குது என்று அழுதாலோ, வாந்தி எடுத்தாலோ, கண் இமை தொங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஜிப் முழுசாக மூடும் டென்ட்டும், உயரமான கட்டிலும் இருந்தால் பாதி கவலை தீர்ந்தது.

6. செல்போன் சிக்னல் எந்த கம்பெனிக்கு கிடைக்கும்? 108-ஐ கூப்பிட முதலில் சிக்னல் வேண்டுமே!

7. பக்கத்து அரசு ஆஸ்பத்திரி எது? ராத்திரியில் வண்டி கிடைக்குமா? வால்பாறையில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு பொள்ளாச்சி வர வேண்டும் என்றால் 40 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். மசினகுடியில் இருந்து கல்லட்டி வழியாக ஊட்டி போக 36 வளைவு ஏற வேண்டும். முதுமலை, திம்பம் போன்ற புலிகள் காப்பக சாலைகளில் இரவு நேர போக்குவரத்து தடையும் உண்டு. இழுப்பு உள்ள குழந்தை, அடிக்கடி காய்ச்சல் வரும் குழந்தை என்றால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் ஊராகவே பாருங்கள்.

இந்த 7 கேள்விக்கும் பொறுமையாக பதில் சொல்கிறவர் நல்ல முகாம்காரர். "ஒண்ணும் ஆகாது சார், நாங்க இருக்கோம்ல" என்று ஒரே வரியில் முடிக்கிறவரிடம் நீங்களும் ஒரே வரியில் போனை வைத்து விடலாம்.

அப்போ எங்கேதான் போறது?

வழி இல்லாமல் இல்லை. டாப்சிலிப்பிலும் முதுமலையிலும் வனத்துறையே தங்கும் விடுதிகள் நடத்துகிறது. டென்ட் இல்லைதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே மான் மேயும். காட்டுக்குள் எந்த நேரம் போகலாம், எந்த நேரம் போகக்கூடாது என்று தெரிந்தவர்கள் கூடவே இருப்பார்கள்.

ராத்திரி தங்கவே பயமா? காரமடை வழியாக பரளிக்காடு போகலாம். பில்லூர் அணை தண்ணீரில் பரிசல் சவாரி, பழங்குடி மக்கள் கையால் மதிய சாப்பாடு, சாயங்காலம் வீடு திரும்பி விடலாம். முன்கூட்டியே பதிவு செய்து கொள்வது அவசியம்.

நடக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு, 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலையேற்ற பாதைகள் அறிவிக்கப்பட்டன. எளிது, மிதமானது, கடினம் என்று 3 வகை. 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றால் எளிதான பாதையில், பெற்றோர் துணையோடு. காட்டுத்தீ காலத்தில் இந்த பாதைகள் மூடப்படும் என்பதால் தேதியை பார்த்துக் கொள்ளுங்கள்.

நீலகிரி, கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந்தேதி முதல் இ-பாஸ் முறை வந்ததும் ஞாபகம் இருக்கட்டும். செக்போஸ்ட்டில் மணிக்கணக்கில் நின்றால் இருட்டிய பிறகுதான் போய் சேர முடியும். குழந்தைகளோடு போகிறவர்கள் மாலை 4 மணிக்குள் இடத்துக்கு போய் விட வேண்டும். எது பள்ளம், எது வேலி, எது டாய்லெட் வழி என்று வெளிச்சத்திலேயே பிள்ளைக்கு காட்டி விட வேண்டும்.

முதல் டென்ட் மொட்டை மாடியில்!

கடைசியாக ஒரு செலவில்லாத யோசனை. முதல் தடவை டென்ட்டை மலையில் போடாதீர்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் போடுங்கள். ஒரு ராத்திரி குடும்பத்தோடு அங்கே படுங்கள். குழந்தை எத்தனை தடவை எழுந்திருக்கிறது, இருட்டுக்கு பயப்படுகிறதா, டார்ச் எங்கே வைத்தோம் என்று நமக்கே தெரியாமல் தேடுகிறோமா... எல்லாம் தெரிந்து விடும். பிள்ளைகளுக்கும் அதுவே பெரிய திருவிழாதான்.

அந்த ராத்திரி நல்லபடியாக போனால், மலைக்கு போகலாம். 7 கேள்வியையும் கேட்டு விட்டு.

நட்சத்திரம் எங்கே போய் விடப்போகிறது? அங்கேயேதான் இருக்கும். அதை காட்ட கூட்டிப் போகும் பிள்ளையை அப்படியே வீட்டுக்கு திரும்ப கூட்டி வருவதுதான் நல்ல டூர்.