பில் வராத தண்ணீருக்குப் பொறுப்பு யார்?

நீர் வழங்கலைத் தனியாரிடம் கொடுக்கப் போகிறார்களா என்ற கேள்வி சில வருடங்களுக்கு ஒருமுறை நம் நாட்டில் எழுந்து அடங்குகிறது. 2003இல் நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டபோது எழுந்தது. மாகாண சபைகளிடம் கேட்காமல் அதனை நிறைவேற்ற முடியாது என உயர் நீதிமன்றம் கூறியதோடு அந்த முயற்சி நின்றது. 2023இல் கட்டணம் உயர்ந்து, மறுசீரமைப்புப் பேச்சும் சேர்ந்து வந்தபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது.

மலையகத் தோட்டங்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி முப்பது வருடங்கள் தாமதமானது என்றே நான் கருதுகிறேன். 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாறியது. பின்னர் 2045 வரையான நீண்டகாலக் குத்தகையும் வழங்கப்பட்டது. தேயிலை மலையோடு லயங்களும், பாதைகளும், மலை உச்சியிலுள்ள நீரூற்றும், அங்கிருந்து இறங்கும் குழாயும், பீலியும் கம்பனியின் கைக்குச் சென்றன. தண்ணீரைத் தனியார்மயமாக்குகிறோம் என்று அன்று எவரும் அறிவிக்கவில்லை. ஆனால் நடைமுறையில் நடந்தது அதுதான்.

தனியார் நீர் நிறுவனம் என்றால் மாதாந்தம் பில் வரும், மீற்றர் இருக்கும், அலுவலகம் இருக்கும் என்று நினைக்கிறோம். தோட்டத்தில் இவை எதுவும் இல்லை. பெரும்பாலான தோட்டங்களில் ஊற்று நீர் ஒரு தாங்கியில் சேர்ந்து, எவ்விதச் சுத்திகரிப்பும் இன்றி லயத்துக்கு இறங்குகிறது. மேலே தேயிலைக்கும் மரக்கறிக்கும் இடும் உரமும் தெளிக்கும் மருந்தும் மழையோடு எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குழாய் உடைந்தால் தோட்டத் தலைவர் துரையிடம் போய்ச் சொல்ல வேண்டும். நிர்வாகம் செய்து கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் வீட்டுக்கு இவ்வளவு என்று மக்களே காசு சேர்த்துக் குழாய் வாங்க வேண்டும். அந்தக் காசுக்கு ரசீதும் இல்லை, கணக்கும் இல்லை. ஆகவே தோட்ட மக்களுக்குத் தண்ணீர் இலவசம் என்று சொல்வது சரியல்ல.

கம்பனிகளின் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு. தாங்கள் தேயிலை உற்பத்தி செய்யும் கம்பனிகள், நீர் வழங்கும் கம்பனிகள் அல்ல என்கிறார்கள். இன்று லயங்களில் வாழ்வோரில் பெரும்பகுதியினர் தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளர் அல்லர். பிள்ளைகள் கொழும்பிலும் நகரங்களிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய குடிநீருக்கு ஏன் நாங்கள் செலவிட வேண்டும் என்பது அவர்களின் கேள்வி. வியாபாரக் கண்ணோட்டத்தில் அது விளங்காத கேள்வி அல்ல. ஆனால் ஊற்றும் குழாய் செல்லும் நிலமும் கம்பனியின் குத்தகையில் இருக்கும்வரை வேறு எவரும் இலகுவாக உள்ளே வந்து தண்ணீர் கொடுக்கவும் முடியாது.

அப்படியானால் யாரிடம் கேட்பது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே வருடம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டமாக வந்தது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. இவற்றோடு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் சமூக நீர் வழங்கல் திணைக்களமும் உள்ளன. இத்தனை நிறுவனங்கள் இருந்தும், ஒரு தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இன்னார் என்று விரல் நீட்ட முடியவில்லை.

இதற்குத் தீர்வாகச் சபையின் இணைப்பைக் கேட்கிறோம். அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் அங்கும் ஒரு நெருக்கடி இருக்கிறது. 2022 செப்டெம்பருக்கு முன் சாதாரண வீட்டுப் பாவனையின் முதல் 5 அலகுகளில் ஓர் அலகின் விலை 12 ரூபா. அது 20 ரூபாவாகி, 2023 ஓகஸ்டில் 60 ரூபாவானது. மாதாந்தச் சேவைக் கட்டணம் 50 ரூபாவிலிருந்து 300 ரூபாவானது. இதன்படி 10 அலகு பாவிக்கும் குடும்பத்தின் மாதச் செலவு சுமார் 1000 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டது 1350 ரூபா. அதாவது, ஒரு நாள் கொழுந்து பறித்ததன் பெரும்பகுதி தண்ணீருக்கே போய்விடும். அந்தக் கட்டண முறையில் சமுர்த்திப் பயனாளிகளுக்குச் சலுகைக் கட்டணம் இருந்தது. 2024 ஓகஸ்டில் வீட்டுப் பாவனைக்கு 7 சதவீதமும், பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல் உள்ளிட்ட வணக்கஸ்தலங்களுக்கும் 6.3 சதவீதமும் குறைக்கப்பட்டன. ஏறிய அளவோடு ஒப்பிட்டால் இறங்கியது சொற்பம்.

மின்சாரக் கட்டணத்தை உயர்த்த வேண்டுமானால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. உயர்வைக் குறைத்த சந்தர்ப்பங்களும் உண்டு. அந்த ஆணைக்குழுவை அமைத்த 2002ஆம் ஆண்டின் சட்டத்தில் நீர் வழங்கலும் உள்ளடங்கியிருந்தது. எனினும் 2022, 2023 உயர்வுகளின்போது நீர்க் கட்டணம் அமைச்சரின் வர்த்தமானியில்தான் தீர்மானமானது. பில் வருகின்ற நகர மக்களுக்கே இந்த நிலை என்றால், பில்லே வராத தோட்ட மக்களின் முறைப்பாடு எங்கே எடுபடும்?

பிரித்தானியாவைப் பாருங்கள். 1989இல் இங்கிலாந்தின் நீர் வழங்கல் கம்பனிகளுக்கு விற்கப்பட்டது. அதன் விளைவுகள் குறித்து அங்கு இன்றும் கடும் அதிருப்தி உண்டு. ஆனால் விற்றபோதே ஒரு கட்டுப்பாட்டு அமைப்பையும் உருவாக்கினார்கள். அந்த அமைப்பு 2025 மே மாதத்தில் தேம்ஸ் வோட்டர் கம்பனிக்கு 12 கோடியே 27 இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. நம் தோட்டங்களில் கம்பனி உண்டு, கண்காணிப்பு இல்லை.

இந்த மலைகளிலிருந்துதான் நாட்டின் தண்ணீர் இறங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை நிரப்பும் ஆறுகள் களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்பு வீடுகளின் குழாய்களுக்குப் போகின்றன. அதே ஆறுகளின் கரையில் மவுசாக்கலையிலும் நோர்வூட்டிலும் வாழும் பெண்கள் குடத்தோடு பீலிக்கரையில் வரிசையில் நிற்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி, மண்சரிவு ஒன்றினால் ஒரு நீர்த்திட்டம் ஒரே இரவில் இல்லாமல் போகலாம் என்பதையும் காட்டிவிட்டது.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் கடை வைத்திருக்கும் நமக்கு இது பிறர் விவகாரம் அல்ல. நம் வாடிக்கையாளர்களும் நம்மோடு வேலை செய்பவர்களும் அந்த லயங்களிலிருந்தே வருகிறார்கள். மதீனாவில் தனியார் ஒருவரின் உடைமையாக இருந்து, தண்ணீர் விலைக்கு விற்கப்பட்ட ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் வாங்கி எல்லோருக்கும் வக்ஃப் செய்த வரலாறு நாம் அறிந்ததே. தண்ணீர் யாருடைய கையில் இருக்கிறது என்பது அன்றே முக்கியமான கேள்வியாக இருந்தது.

எனது கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஒவ்வொரு தோட்டத்தின் நீர்த்திட்டமும் பதிவு செய்யப்பட்டு, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நீர்ப் பரிசோதனை முடிவு தமிழில் எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். மக்களிடம் சேர்க்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் ரசீது வேண்டும். ஊற்றைச் சுற்றிய நிலம் குத்தகையிலிருந்து விலக்கிப் பாதுகாக்கப்பட வேண்டும். சபையின் இணைப்பு உள்ள இடங்களில், தண்ணீர் வராத நாட்களுக்குச் சேவைக் கட்டணம் அறவிடக் கூடாது. நீர்க் கட்டணமும் மின்சாரக் கட்டணத்தைப் போல மக்களிடம் கேட்டபின் தீர்மானிக்கப்பட வேண்டும்.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அரசியல்வாதிகளிடம் கேட்பது இலகு. தேர்தல் காலத்தில் அவர்கள் தலையாட்டுவதும் இலகு. பொறுப்பாளியின் பெயரைச் சட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். யார் தயங்குகிறார்கள் என்பது அப்போது தெரியும்.