கல்லான விலங்குகளுக்கு ஒரு கதை வேண்டும்

மாயக் கதைகள் சிறு பிள்ளைகளுக்கு உரியவை, பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண்களுக்கு அவை எதற்கு என்று பெரியோர் பலர் கேட்கின்றனர். பேசும் சிங்கமும் ஆட்டுக்கால் மனிதனும் பொதுத்தேர்வில் வரப்போவதில்லை என்பது உண்மையே. ஆயினும் அவற்றை ஒதுக்கிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

சி. எஸ். லூயிஸ் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட நார்னியாக் கதையைத் தோழியர் பலர் படித்திருப்பீர்கள். அதில் டம்னஸ் என்றோர் உயிர். மேற்பாதி மனிதன், கீழ்ப்பாதி ஆடு. மனிதப் பிள்ளை எவரையேனும் கண்டால் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குச் சூனியக்காரி இட்ட கட்டளை. லூசி என்னும் சிறுமியைத் தேநீருக்கு அழைத்துச் செல்கிறான். உண்டு, பேசி, கதை கேட்ட பிறகோ அவனால் அவளைக் காட்டிக்கொடுக்க இயலவில்லை. அழுதுகொண்டே உண்மையைச் சொல்லி அவளை வழியனுப்பி வைக்கிறான். அதற்காகவே சூனியக்காரி அவனைக் கல்லாக்கி விடுகிறாள்.

கல்லான விலங்கு என்றதும் மதுரைப் பெண்களாகிய நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வர வேண்டுமன்றோ? மேலூர் செல்லும் பேருந்தில் ஒத்தக்கடையை நெருங்கும்போது யானைமலை துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கிறது. மேற்கே நாகமலை நெளிந்து கிடக்கிறது. திருமங்கலம் சாலையில் பசுமலை. மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் நாகமும் மாயப் பசுவும் வீழ்ந்து இம்மலைகளாயின என்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. டம்னஸ் நட்புக்காகக் கல்லானான். நம்முடைய மூவரும் பகைக்காகக் கல்லானார்கள். அவர்களை யாரும் தேநீருக்கு அழைக்கவில்லை என்றாள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. (யானைக்கு எத்தனை அண்டா வேண்டும் என்று உடனே கணக்குப் போட்டாள் இன்னொருத்தி.)

புராணம் பக்தர்களுக்கு உரியது. அதை மாற்ற நாம் யார்? நாங்கள் கேட்பது குழந்தைகளுக்கென ஒரு புதிய கதை. ஏவப்பட்ட மூவரும் வைகைக்கரையில் சந்தித்து, “நமக்கும் இவ்வூருக்கும் என்ன பகை?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் என்ன நடக்கும்?

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. யானைமலையே எங்கள் பக்கம் பேசுகிறது. அந்த யானையை ஏவியவர் சமணர் என்பது புராணக் கதை. மலைமேல் ஏறினாலோ, எறும்பையும் மிதிக்க அஞ்சிய சமணத் துறவியரின் கற்படுக்கைகளும், பழைய தமிழ்பிராமி எழுத்தும், தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. அதே மலையின் அடிவாரத்தில் பாண்டியர் காலத்தில், 770ஆம் ஆண்டளவில் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில்; சற்றுத் தள்ளி முருகனுக்குரிய லாடன் கோயில். யானை தன் முதுகிலும் காலடியிலும் எல்லாரையும் தங்க விட்டிருக்கிறது. 2010ஆம் ஆண்டில் இம்மலையில் சிற்ப நகரம் அமைக்கும் பேச்சு எழுந்தபோது, சுற்றுப்புற ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. ஊரை அழிக்க வந்ததாகச் சொல்லப்படும் யானையை ஊராரே காத்தார்கள்! இதைவிட நல்ல மாயக் கதை நார்னியாவிலும் கிடைக்குமா என்பது ஐயமே.

மாயக் கதைகள் பொய்யைப் பழக்கும் என்று அஞ்சுவோரும் உண்டு. குப்பியோ நகரை நடுங்க வைத்த ஓநாயைப் புனித பிரான்சிஸ் அசிசியார் ‘சகோதரனே’ என்று அழைத்துப் பேசிய கதையை அருட்சகோதரிகளே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஓநாய்க்கு அதன்பின் ஊரார் வீடுதோறும் உணவிட்டனர் என்பதே அக்கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி.

பெற்றோர் பொறுத்தருள வேண்டும்; ஒன்றை வெளிப்படையாகவே எழுதுகிறோம். “அந்தத் தெருப் பிள்ளைகளோடு சேராதே”, “அவர்கள் டப்பாவில் கை வைக்காதே” என்று வீட்டில் கேட்டுவிட்டுத்தான் நம்மில் சிலர் காலையில் பள்ளிக்கு வருகிறோம். அதுவும் ஓர் ஏவல்தானே? மதிய உணவு மணி அடித்து, ஒருத்தியின் புளிச்சோறும் மற்றவளின் முட்டையும் இடம் மாறும்போது அந்த ஏவல் தோற்றுப்போகிறது. வீடு திரும்பியதும் எதை யாரிடமிருந்து உண்டோம் என்பதைச் சொல்லாமல் மறைக்கிறோம். மறைக்க வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

நம் தாய்மார் காலத்தில் தமிழ்க் குழந்தைகளுக்குப் பத்திரிகைகள் பல இருந்தன. 1947ஆம் ஆண்டில் தொடங்கிய அம்புலிமாமா இப்போது வெளிவருவதில்லை. எத்தனையோ சிறுவர் கதைகள் தந்த வாண்டுமாமா 2014ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்து எழுதப் போவது யார் என்று காத்திராமல், மூன்றாம் வகுப்புத் தங்கையருக்கு மதிய இடைவேளையில் நாங்களே மூவர் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டோம். யானையும் நாகமும் நண்பர்களாகி விட்டன. பசு மட்டும் ஏன் இன்னும் வாய் திறக்கவில்லை என்று ஒரு தங்கை கேட்கிறாள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சொல்வதாக வாக்களித்திருக்கிறோம். அதற்குள் நாங்கள் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.